காது கேளாதவருக்குப் புரியவைப்பதும் ஸதகாவே!

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

தாயின் வயிற்றிலிருந்து எதையும் அறியாதவர்களாக நம்மை வெளிக்கொணர்ந்த இறைவன், நமக்குச் செவியையும் பார்வையையும் இதயத்தையும் தந்ததாக அந்நஹ்ல் அத்தியாயத்தின் 78ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். நாம் நன்றி செலுத்த வேண்டும் என்பதற்காகவே அவற்றைத் தந்ததாகவும் அதே வசனத்தில் கூறுகிறான். அவ்வரிசையில் முதலாவதாகச் செவியே இடம்பெற்றுள்ளது. பாங்கோசையைச் செவி கேட்கிறது. குர்ஆன் ஓதப்படுவதைச் செவி கேட்கிறது. பெற்ற பிள்ளை அழைப்பதையும் செவிதான் கேட்கிறது.

இந்த நிஃமத்திற்கு எவ்வாறு நன்றி செலுத்துவது? பாவமானவற்றைக் கேளாமல் செவியைக் காப்பது ஒரு நன்றி. நல்லவற்றைக் கேட்டு அதன்படி நடப்பது மற்றொரு நன்றி. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைப்பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கேட்கும் ஆற்றல் அருளப்படாதவருக்கு, நாம் கேட்டதை எட்டச் செய்வதே அது.

ஸதகாவின் ஒரு வாசல்

அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் இடம்பெற்றுள்ளது. ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஆன்மாவும் தர்மம் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பொருள்வசதி இல்லாத நாங்கள் எதைக்கொண்டு தர்மம் செய்வது என்று அபூதர் (ரலி) வினவினார்கள். அதற்கு நபியவர்கள் தர்மத்தின் வாசல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள். இறைவனைத் துதிப்பது, நன்மையை ஏவுவது, பாதையில் கிடக்கும் முள்ளையும் எலும்பையும் கல்லையும் அகற்றுவது, பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது எனக் கூறிவந்த நாயகம் (ஸல்) அவர்கள், காது கேளாதவருக்கும் வாய் பேச இயலாதவருக்கும் அவர் விளங்கிக்கொள்ளும் வரை செய்தியை எட்டச் செய்வதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

சகோதரர்களே, அவர் விளங்கிக்கொள்ளும் வரை என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். "நான் சொல்லிவிட்டேன்; அவருக்குக் கேட்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?" என்று ஒதுங்கிக்கொள்ள அங்கே இடமில்லை. சொன்னவர் சொன்னதோடு ஸதகா நிறைவடையவில்லை. கேட்பவருக்கு விளங்கியபோதே நிறைவடைகிறது.

தூதர்களை அனுப்பியதிலும் அல்லாஹ்வின் வழிமுறை இதுவே. ஒவ்வொரு தூதரையும் அவருடைய சமுதாயத்தாரின் மொழியிலேயே, அவர் அவர்களுக்குத் தெளிவுபடுத்துவதற்காகவே அனுப்பியதாக இப்ராஹீம் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அறிவிக்கிறது. மக்களுக்கு எந்த வழியில் விளங்குமோ அந்த வழியில் எடுத்துச்செல்வது தூதுத்துவத்தின் இலக்கணம். அதன் வாரிசுகள் என்று சொல்லப்படும் ஆலிம்களுக்கும் அழைப்பாளர்களுக்கும் இது பொருந்தாதா?

நம் மஹல்லாவின் நிலை

இன்று மார்க்க உரைகள் பள்ளிவாசலின் நான்கு சுவர்களுக்குள் அடங்கி நிற்கவில்லை. ஜும்ஆ பயான், தராவீஹ் தொழுகைக்குப் பின் நடைபெறும் தஃப்ஸீர் வகுப்பு, நிக்காஹ் மஜ்லிஸின் அறிவுரை யாவும் அன்றே இணையத்தில் காணொலியாகவும் ஒலிப்பதிவாகவும் ஏறிவிடுகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கால் பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்டபோது, பல ஊர்களில் இவ்வழியாகவே மக்கள் மார்க்கத்தைக் கேட்டார்கள். பள்ளிகள் திறக்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் தொடர்கிறது. இது அல்லாஹ் தந்த வாய்ப்பு. இதைக் குறைகூற வேண்டியதில்லை.

ஆனால் அதே நாட்களில் செவித்திறன் குறைந்த நம் சகோதரர்களின் நிலை என்னவாயிற்று? பேசுபவரின் உதடசைவைப் பார்த்து ஓரளவு விளங்கிவந்தவர்களுக்கு, முகக்கவசம் வந்தபின் உதடும் மறைந்துபோயிற்று. இணையத்தில் பார்க்கலாம் என்றால் அங்கே ஒலி மட்டுமே உண்டு, எழுத்து இல்லை. வீட்டில் அனைவரும் கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து கண்ணீர் மல்கக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன சொல்கிறார்?" என்று கேட்டால், "பிறகு சொல்கிறேன்" என்ற பதில் கிடைக்கும். அந்தப் "பிறகு" பெரும்பாலும் வருவதில்லை.

இதைவிடச் சிறிய காரியம் ஒன்றையும் எண்ணிப்பாருங்கள். மஹல்லாவில் ஒருவர் வஃபாத்தானால் முன்பு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். இப்போது அதனுடன் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாக அனுப்புகிறார்கள். காது கேளாதவருக்கு ஒலிபெருக்கியும் பயன்படாது; குரல்பதிவும் பயன்படாது. அடுத்த தெருவில் வாழ்ந்த நண்பரின் ஜனாஸா அடக்கப்பட்ட பிறகு, அவருக்குச் செய்தி தெரிகிறது. ஜனாஸாத் தொழுகையில் கலந்துகொள்ளும் நன்மையும், கடைசியாக முகம் பார்க்கும் வாய்ப்பும் அவருக்கு நழுவிப்போகின்றன. பெயர், வயது, தொழுகை நேரம், கபரஸ்தான் என நான்கு வரிகள் தட்டச்சு செய்தால் போதும். ஒரு முஸ்லிமின் உரிமை காப்பாற்றப்பட்டிருக்கும்.

இது ஏதோ ஒருவர் இருவருடைய பிரச்சினை என்று எண்ணிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைவு உள்ளது. அவர்களுள் 43 கோடிப் பேர் சிகிச்சையோ மறுவாழ்வு உதவியோ தேவைப்படும் நிலையில் உள்ளவர்கள். அறுபது வயதைக் கடந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்நிலை காணப்படுகிறது. நம் நாட்டின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 50 லட்சத்திற்கும் அதிகமானோர் செவிக்குறைபாடு உடையோராகப் பதிவு செய்யப்பட்டனர். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பெரியவர்களில் எத்தனை பேர் பாதி கேட்டும் பாதி கேளாமலும் தலையசைத்துக்கொண்டிருக்கிறார்களோ, அல்லாஹ்வே அறிவான்! மறுபடி கேட்க வெட்கப்பட்டே பலர் வகுப்புகளுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள்.

எட்டச் செய்வது நம் முன்னோர் வழி

எட்டாதவருக்கு எட்டச் செய்ய ஏற்பாடு செய்வது புதுமையன்று, நபிவழியே அது. நபி (ஸல்) அவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். எண்ண விரும்புபவர் அவர்களின் சொற்களை எண்ணிவிடலாம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நன்கு விளங்கிக்கொள்ளப்பட வேண்டும் என்பதற்காக ஒரு சொல்லை மூன்று முறை கூறுவார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது மினாவில் திரண்டிருந்த கூட்டத்தில் நபியவர்கள் கோவேறு கழுதையின் மீதமர்ந்து உரையாற்ற, அலீ (ரலி) அவர்கள் அதை எடுத்துச் சொல்லி மக்களுக்கு எட்டச் செய்ததாக அபூதாவூதில் அறிவிப்பு உள்ளது. இறுதி நோயின்போது நபியவர்கள் அமர்ந்து தொழவைக்க, அவர்களின் தக்பீரை அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்களுக்குக் கேட்கச் செய்தார்கள். இன்றும் பெரிய ஜமாஅத்களில் முபல்லிக் நின்று தக்பீரைத் திருப்பிச் சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

பிற்காலத்தில் ஹதீஸ் மஜ்லிஸ்களில் இது ஒரு தனிப் பொறுப்பாகவே வளர்ந்தது. ஆசிரியர் கூறுவதைத் தூரத்தில் அமர்ந்திருப்போருக்கு எடுத்துச் சொல்பவர் முஸ்தம்லீ எனப்பட்டார். பக்தாதில் அபூமுஸ்லிம் அல்கஜ்ஜீ (ரஹ்) அவர்களின் மஜ்லிஸில் ஏழு முஸ்தம்லீகள் நின்றார்கள் என்றும், ஒருவர் கூறியதை அடுத்தவர் வாங்கி அவருக்கப்பால் இருப்பவருக்குக் கூறினார் என்றும், கூட்டம் கலைந்தபின் மைக்கூடுகளைக் கணக்கிட்டபோது நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்தன என்றும் கதீபுல் பக்தாதி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஒரு சொல் கடைசி மனிதனுக்கும் சென்றுசேர வேண்டும் என்பதற்காக அன்று ஏழு மனிதர்களை நிறுத்தினார்கள். இன்று நமக்கு ஏழு பேர் தேவையில்லை. காணொலியின் அடியில் ஓடும் எழுத்து வரியே இக்காலத்தின் முஸ்தம்லீ!

மற்றொரு சரிதையையும் கேளுங்கள். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் இமாம்களில் ஒருவரான ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முஸ்னத் எனும் ஹதீஸ் தொகுப்பு யார் வழியாக நமக்குக் கிடைத்தது தெரியுமா? நைசாபூரைச் சேர்ந்த அபுல் அப்பாஸ் முஹம்மது இப்னு யஃகூப் (ரஹ்) என்ற முஹத்திஸ் வழியாக. அவர்களுடைய பட்டப்பெயரே அல்அஸம்மு, அதாவது காது கேளாதவர் என்பதுதான். ஹிஜ்ரி 247இல் பிறந்த அவர்கள், இளமையில் நீண்ட பயணம் செய்து, இமாம் ஷாஃபிஈயின் மாணவர் ரபீஉ இப்னு சுலைமான் (ரஹ்) போன்றோரிடம் பாடம் கேட்டார்கள். அப்பயணத்திற்குப் பிறகு செவித்திறனை இழந்தார்கள். கழுதை கத்துவதுகூடக் கேளாத அளவுக்கு அது கடுமையாயிற்று. ஆயினும் கேட்டு எழுதிவைத்த ஏடுகளைக் கொண்டு, ஹிஜ்ரி 346இல் வஃபாத்தாகும் வரை தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள்.

இறுதிக் காலத்தில் கண்பார்வையும் போய்விட்டது. அப்போது மாணவர் வந்து அவர்களின் கையில் எழுதுகோலை வைப்பார். ஹதீஸ் கேட்க ஆள் வந்திருக்கிறது என்று அதைக்கொண்டு உணர்ந்து, மனப்பாடமாக இருந்தவற்றை அறிவிக்கத் தொடங்குவார்கள் என்று சரிதை நூல்கள் கூறுகின்றன. சுப்ஹானல்லாஹ்! "இவருக்குக் காது கேளாது, கண்ணும் தெரியாது, இவரிடம் நமக்கென்ன வேலை" என்று அம்மக்கள் விலகிப்போகவில்லை. அவருக்கும் தமக்கும் இடையே ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஓர் எழுதுகோலே அந்த வழியாயிற்று.

ஃபிக்ஹு நூல்களின் பார்வை

காது கேளாமை ஜும்ஆவுக்கு வராமலிருக்க அனுமதிக்கும் காரணங்களில் ஒன்றாக எண்ணப்படவில்லை. ஏனையோருக்கு உள்ள கடமைகளே அவருக்கும் உண்டு. குத்பாவின் ருக்னுகள் ஜும்ஆ நிறைவேறத் தேவையான நாற்பது பேரின் செவிக்கு எட்ட வேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் நிபந்தனையிடுகின்றன. ஹனஃபி மத்ஹபில், வந்திருப்போர் காது கேளாதவர்களாக இருப்பினும் குத்பா நிறைவேறிவிடும். இக்கருத்து வேறுபாடு குத்பா நிறைவேறுவதைப் பற்றியது மட்டுமே. உபதேசத்தை மக்களுக்கு விளங்கவைக்க வேண்டும் என்பதில் இரு சாராரிடையேயும் வேறுபாடில்லை. மார்க்கம் அவரைப் பள்ளிக்கு அழைக்கிறது. அழைக்கப்பட்டு வந்தவருக்கு அவருடைய பங்கைக் கொடுப்பது நம் கடமையல்லவா?

சைகையையும் நம் சட்டமேதைகள் ஒரு மொழியாகவே மதித்தார்கள். பேச இயலாதவரின் அறியப்பட்ட சைகை, நாவால் மொழிவதற்கு ஒப்பானது என்பது உஸ்மானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட மஜல்லா எனும் சட்டநூலின் 70ஆம் விதி. திருமணம், வியாபாரம், வாக்குமூலம் போன்றவற்றில் அதன் அடிப்படையில் தீர்ப்பளித்தார்கள். அவர் தம் சைகையால் கூறுவதை நாம் ஏற்றுக்கொள்ளும்போது, நாம் கூறுவதை அவருக்குச் சைகையால் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

இங்கே ஒரு விளக்கம் அவசியம். குர்ஆனில் செவிடர், ஊமையர், குருடர் என்று சிலர் கண்டிக்கப்படுகிறார்களே எனச் சிலர் கேட்கலாம். சத்தியம் காதில் விழுந்தும் உள்ளத்தால் ஏற்க மறுத்தவர்களைப் பற்றிய கண்டனம் அது. கண்கள் குருடாவதில்லை, நெஞ்சங்களிலுள்ள இதயங்களே குருடாகின்றன என்ற கருத்தை அல்ஹஜ் அத்தியாயத்தின் 46ஆம் வசனம் தெளிவாகச் சொல்கிறது. உடற்குறையுள்ள ஒருவரை நோக்கி அவ்வசனங்களைச் சொல்வதும், "செவிடு" என்று பட்டப்பெயரிட்டு அழைப்பதும் பாவமாகும். பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களுக்காக "அபஸ" அத்தியாயமே இறங்கியது. மார்க்கத்தைக் கற்க விரும்பி வந்தவருக்கு முதலிடம் தர வேண்டும் என்பதே அதன் பாடம்.

உலகம் எங்கே நிற்கிறது?

பிற மக்கள் இத்துறையில் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று 1972ஆம் ஆண்டிலேயே ஒரு சமையல் நிகழ்ச்சியை எழுத்து வரிகளுடன் ஒளிபரப்பியது. இணையத்திற்கான நெறிமுறைகளை வகுக்கும் டபிள்யூ3சி என்ற உலகக் கூட்டமைப்பு, 2008ஆம் ஆண்டின் நெறிமுறையில், பதிவுசெய்யப்பட்ட காணொலிக்கு எழுத்து வரிகளும், ஒலி மட்டும் உள்ள பதிவுக்கு முழு எழுத்து வடிவமும் தருவதை அடிப்படைத் தரமாகவே வைத்தது. நேரலைக்கு எழுத்து வரிகள் தருவதை அடுத்த தரமாக வைத்தது.

நெறிமுறை இருந்தும் எல்லோரும் தாமாக முன்வரவில்லை. அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கத்தினர் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2012ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2014ஆம் ஆண்டுக்குள் தன் இணையக் காணொலிகள் அனைத்துக்கும் எழுத்து வரிகள் தர அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2015ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின்மீதும் எம்ஐடி நிறுவனத்தின்மீதும், அவை இணையத்தில் வெளியிட்ட பாடங்களுக்கு முறையான எழுத்து வரிகள் இல்லை என்று வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்குகள் முறையே 2019, 2020ஆம் ஆண்டுகளில் உடன்பாட்டில் முடிந்தன. உலகப் புகழ்பெற்ற கல்விக்கூடங்களிடமே நீதிமன்றம் சென்றுதான் தம் பங்கை அவர்கள் பெற வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் செய்திகள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. எழுத்து வரிகளையும் சைகை மொழிபெயர்ப்பையும் அதில் குறிப்பிடுகிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கான தரவிதிகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019ஆம் ஆண்டு வெளியிட்டது. இணையச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது.

சமையல் நிகழ்ச்சிக்கும் திரைப்படத்திற்கும் எழுத்து வரிகள் உண்டு. அல்லாஹ்வின் வேதத்தை விளக்கும் உரைக்கு இல்லை என்றால், காது கேளாத நம் பிள்ளை எதைப் பார்ப்பான்? எது அவனுக்கு விளங்குகிறதோ அதைத்தான் பார்ப்பான். அவன் பார்ப்பது சரியில்லை என்று பிறகு வருந்திப் பயனென்ன? சட்டம் வந்து நம்மைக் கட்டாயப்படுத்தும் வரை காத்திருப்பதா, அல்லாஹ்வுக்கு அஞ்சி முன்கூட்டியே செய்வதா என்று சிந்தியுங்கள்.

செய்ய வேண்டியவை

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சில காரியங்களை இன்றே தொடங்கலாம்.

முதலாவது: ஜமாஅத் அறிவிப்புகளைக் குரலாக அனுப்பினால், அதன்கீழ் எழுத்தாகவும் அனுப்புங்கள்.

இரண்டாவது: உரை நிகழ்த்தும் ஆலிம்கள் தாம் எழுதிய குறிப்பை நிர்வாகிகளிடம் தரலாம். வசன எண்ணும் ஹதீஸ் நூலின் பெயரும் அதில் இருக்கட்டும். நம் ஊர்களில் அரபி குத்பாவுக்கு முன் தமிழில் பயான் நடைபெறும் வழக்கம் இருப்பதால், அந்நேரத்தில் காது கேளாதவர் அதைக் கையில் வைத்துப் படித்துக்கொள்ளலாம். ஜும்ஆ உரைகளை மாத இதழ்கள் அச்சிடுவதும் இவ்வகைத் தொண்டே.

மூன்றாவது: இணையத்தில் ஏற்றும் காணொலிக்கு எழுத்து வரிகள் சேர்ப்பது. சப்டைட்டில் கோப்பு என்பது மிக எளிய ஓர் எழுத்துக் கோப்பு. வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அந்நேரத்தில் பேசப்படும் வாசகம் ஆகியவைதாம் அதில் இருக்கும். ஒரு மணி நேர உரையை எழுத்தாக்க, பழகியவருக்கே நான்கைந்து மணி நேரம் ஆகலாம். அதைத் தனியொருவர் தலையில் சுமத்தாதீர்கள். முப்பது நிமிட பயானை ஆறு இளைஞர்கள் ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் அரைமணி நேர வேலைதான். பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நம் பெண்மக்களும் வீட்டிலிருந்தபடியே இந்நன்மையில் பங்கெடுக்கலாம்.

நான்காவது: இயந்திரம் தானாக எழுதும் வரிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். யூடியூப் தளம் இத்தகைய தானியங்கி வரிகளை 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தியது; தொழில்நுட்பம் அதன்பின் மிகவும் முன்னேறியிருக்கிறது. முதல் நகலுக்கு அது உதவும். ஆனால் தமிழும் அரபியும் கலந்த நம் உரைகளில் அது எளிதில் தடுமாறும். மார்க்கத்தில் ஓரெழுத்துப் பிழையும் ஆபத்தானது. "கூடாது" என்று ஆலிம் சொன்னது "கூடும்" என்று திரையில் வந்தால், காது கேட்பவர் சரியானதைக் கேட்டுக்கொள்வார். எழுத்தை மட்டுமே நம்பியிருப்பவரோ ஹராமை ஹலாலாக எண்ணிவிடுவார். ஆகவே மார்க்கம் அறிந்த ஒருவர் ஒருமுறை படித்துத் திருத்திய பின்னரே வெளியிட வேண்டும்.

ஐந்தாவது: ஒலியைத் தெளிவாக வையுங்கள். பாதியளவு கேட்கும் முதியோருக்கு இது பேருதவி. உரைக்குப் பின்னணியில் பாடலை ஓடவிடுவதும், குரலுக்கு எதிரொலி சேர்ப்பதும் கேட்பவருக்கு உருக்கமாகத் தோன்றலாம். செவித்திறன் குறைந்தவருக்கோ சொற்கள் ஒன்றோடொன்று கலந்து விளங்காமற்போகும். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் படட்டும். ஒலிவாங்கி வாயை மறைக்காதிருக்கட்டும். உதடசைவைப் பார்ப்பவர்களுக்கு அது துணைசெய்யும். எழுத்து வரிகள், திரையில் காட்டப்படும் திருவசனத்தை மறைக்காத இடத்தில் வரட்டும். கேள்வி கேட்பவர் யார், பதில் சொல்பவர் யார் என்பதையும் குறிப்பிடுங்கள்.

சைகை மொழியை மறந்துவிடாதீர்கள்

பிறவியிலேயே காது கேளாதவர்களுள் பலருக்குச் சைகை மொழியே தாய்மொழி போன்றது. எழுதப்பட்ட தமிழ் அவர்களுக்குப் பிற்பாடு கற்கும் இரண்டாம் மொழி. ஆகவே கடினமான நடையில் எழுதிய வரிகள் அவர்களுக்கு முழுமையாக உதவா. சைகை மொழி உலகம் முழுவதும் ஒன்றுமல்ல. இந்திய சைகை மொழி வேறு, அமெரிக்கச் சைகை மொழி வேறு. வெளிநாட்டு ஆலிமின் சைகைக் காணொலியை அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. மத்திய அரசு 2015ஆம் ஆண்டு புதுடில்லியில் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தை நிறுவியது. அம்மையம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அகராதியில் பத்தாயிரம் சொற்கள் உள்ளன. மக்காவின் ஹரம் ஷரீஃபில் ஜும்ஆ குத்பா சைகை மொழியில் பெயர்க்கப்படுவதையும் நாம் காண்கிறோம்.

ஒவ்வொரு வட்டாரத்திலும் நம் இளைஞர் ஓரிருவர் சைகை மொழி கற்க வேண்டும். அரபி மதரஸா மாணவர்கள் சிலர் கற்றால் இன்னும் சிறப்பு. ஒளூ, தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றிய அடிப்படைப் பாடங்களைச் சைகை மொழியில் பதிவுசெய்து வைத்தால், அது நீடித்துப் பயன்தரும் ஸதகத்துல் ஜாரியாவாகும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவர்களுக்காகத் திட்டமிடும்போது அவர்களையே கலந்தாலோசியுங்கள். எந்த எழுத்து தெளிவாகத் தெரிகிறது, எந்தச் சைகை சரியானது என்பதை அவர்களே நன்கறிவார்கள்.

ஒருவர் விளங்கிக்கொள்ளும் பொருட்டு நாம் செய்யும் இப்பணி, ஏனையோருக்கும் பயன்படுவது அல்லாஹ்வின் அருள். தூங்கும் குழந்தையின் அருகில் ஒலியின்றிப் பார்க்கும் தாய்க்கும், இரைச்சல் மிகுந்த தொழிற்கூடத்தில் வேலைசெய்யும் சகோதரருக்கும், உரையிலுள்ள ஒரு ஹதீஸைத் தேடும் மாணவருக்கும் அதே எழுத்து வரிகள் உதவுகின்றன.

சகோதரர்களே! இன்று தெளிவாகக் கேட்கும் நம் செவிகள் நாளையும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த ஜும்ஆவுக்குப் பின் பள்ளியை விட்டு வெளியேறும்போது, நம் குடும்பத்திலும் தெருவிலும் செவித்திறன் குறைந்தவர் யார் எனச் சிந்தியுங்கள். அவரருகில் அமர்ந்து, இன்று கேட்டவற்றை அவர் விளங்கிக்கொள்ளும் வரை எழுதிக்காட்டுங்கள். இன்றைய ஸதகா அதுவாக இருக்கட்டும்!

யா அல்லாஹ்! நீ தந்த செவிக்கும் பார்வைக்கும் நன்றியுடையோராக எங்களை ஆக்குவாயாக! செவித்திறன் குறைந்த எங்கள் சகோதர சகோதரிகளின் உள்ளங்களை ஈமானின் ஒளியால் நிரப்புவாயாக! உன் மார்க்கத்தின் செய்தியை ஒருவரும் விடுபடாமல் எட்டச் செய்யும் நற்பேற்றை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.